முட்டி மடங்கலைன்னா பத்மாசனம் கோவிச்சுக்குமா? – வாசகர் கேள்வி, யோகா டீச்சர் பதில்

போன மாசம் மூச்சுப்பயிற்சி பத்தி எழுதினதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ஒரே கேள்விதான், வாய்தான் வேற வேற. சொல்லிக்குடுத்த மாதிரியே என்னால பண்ண முடியல, மாத்திப் பண்ணிக்கலாமா, தப்பா? சரி, இந்த மாசம் இதுக்கே பக்கத்தைக் குடுத்துடுங்கன்னு எடிட்டர்கிட்ட கேட்டேன், குடுத்துட்டாங்க.

கேள்வி: குழித்தறியில பட்டு நெய்யறேன், 30 வருஷமாச்சு. முதுகுவலின்னு 4 மாசமா காலையில யோகா கிளாஸ் போறேன். 12 சுத்து சூரிய நமஸ்காரம், அப்புறம் பத்மாசனம். எனக்கு கால் ஏறவே மாட்டேங்குது. மாஸ்டர் வந்து முட்டியக் கையால அமுக்கி விட்டார், வலது முட்டி வீங்கிப்போய் 10 நாள் தறியில எறங்க முடியல. கேட்டா "வலிச்சாத்தான் உடம்பு திறக்கும், முறைய மாத்தினா பலன் கிடையாது"ங்கறார். நாற்காலியில உக்காந்து பண்ணா அது யோகா இல்லீங்களா? – வாசகர், வயசு 52, அம்மாபேட்டை

அண்ணா, மொதல்ல அந்த அமுக்கற வேலைய நிறுத்தச் சொல்லுங்க. கூச்சமே படாதீங்க, முட்டி உங்களுது. வீக்கம் முழுசா இறங்கலைன்னா எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்து மிச்சத்தைப் படிங்க.

பத்மாசனம் முட்டியால போடற ஆசனமே இல்ல, இடுப்பால போடறது. தொடை எலும்போட தலை பந்து மாதிரி இருக்கும், அது இடுப்பெலும்புல இருக்கற கிண்ணத்துக்குள்ள உக்காந்து நாலாபக்கமும் சுத்தும். முட்டி அப்படியில்ல, கதவுக் கீல் மாதிரி, மடக்கலாம் நீட்டலாம், அதைத் தாண்டி கொஞ்சம்தான் திரும்பும். இடுப்பு வெளிப்பக்கமா திரும்ப மாட்டேன்னு நிக்கறப்ப மேல இருந்து முட்டிய அமுக்கினா அந்தத் திருகல் பூரா முட்டிக்குள்ள இருக்கற ஜவ்வுலதான் போய் விழும், அதான் உங்களுக்கு வீங்கிடுச்சு. இன்னொண்ணு, அந்தக் கிண்ணத்தோட ஆழமும் அது பார்த்திருக்கற திசையும் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேற. சில பேருக்கு 10 வருஷம் பழகினாலும் பத்மாசனம் வராது, அது சோம்பேறித்தனமும் இல்ல, பக்தி கம்மியும் இல்ல, எலும்பு அமைப்பு அவ்வளவுதான்.

முறைய மாத்தக்கூடாதுன்னு சொல்றாரே, எந்த முறைன்னு கேளுங்க. யோகாவுக்கு மூல நூல்னு சொல்ற பதஞ்சலியோட யோக சூத்திரம் 195 சொச்சம் இருக்கு, அதுல ஆசனத்துக்குன்னு ஒதுக்கினது 3தான். முதல் சூத்திரமே ஸ்திரமாவும் சுகமாவும் இருக்கறதுதான் ஆசனம்னு முடிஞ்சுபோகுது, பத்மாசனம்னு பேர்கூட எடுக்கல. நம்ம திருமூலர் ஆசனங்களை வரிசையாச் சொல்றப்ப பங்கயம்னு பத்மாசனத்தைச் சொன்ன அதே பாட்டுல சுகமா உக்கார்ற சுகாதனத்தையும் சேர்த்துத்தான் சொல்றாரு. 12 சுத்து சூரிய நமஸ்காரம் ஏதோ ஆதிகாலத்துல இருந்து வர்றதுன்னு நினைக்கறோம், ஆனா இப்ப நாம பண்ற மாதிரி அதை ஒரு உடற்பயிற்சியா ஊர் ஊராப் பரப்பினவர் மகாராஷ்டிரத்துல அவுந்த் சமஸ்தானத்து ராஜா, அதுவும் 1920கள்லதான். நல்ல பயிற்சிதான், குறை சொல்லல. ஆனா நாள் முழுக்க முன்னாடி குனிஞ்சே வேலை செய்யற ஆளை காலங்காத்தால மறுபடி 24 தடவை முன்னாடி குனிய வைக்கறதுல என்ன பலன்னு யோசிங்க (ஒரு சுத்துக்கு 2 குனியல், கணக்கு சரிதானே).

உங்க தறியவே எடுத்துக்குவோமே. காலு ரெண்டும் குழிக்குள்ள, மிதி மேல. வலது கை நாடாவுக்கு, அதான் குறுக்கு இழையக் கொண்டுபோற கட்டைக்கு, கயிறு சுண்டும், இடது கை பலகைய ஆட்டும், கண்ணு பாவுல இழை அறுந்துச்சான்னு பார்த்துக்கிட்டே இருக்கும், அதனால தாடை நெஞ்சுப் பக்கம் போயிடும். தோள் முன்னாடி உருண்டு, நடு முதுகு கூன் போட்டு, வலது தோள் இடதை விட லேசா ஏறி இருக்கும், கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க தெரியும். உங்க உடம்பு கேக்கறது நெஞ்சு விரியறதும் பின்பக்கம் நிமிர்றதும்தான். அதனால 4 வேலை போதும்.

செவுத்தைப் பார்த்து நின்னு, மூச்சை இழுத்துக்கிட்டே ரெண்டு கையையும் முன்பக்கமா மேல தூக்குங்க, மூச்சை விட்டுக்கிட்டே இறக்குங்க, 6 தடவை. கை போற வேகத்துக்கு மூச்சு வரக்கூடாது, மூச்சு போற வேகத்துக்குத்தான் கை போகணும், இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா பாதி யோகா வந்துடுச்சு. அடுத்து மல்லாந்து படுத்து முட்டிய மடக்கி பாதத்தை தரையில ஊனி, மூச்சு இழுக்கறப்ப இடுப்பை மெதுவா மேல, விடறப்ப கீழ, இதுவும் 6. த்விபாத பீடம்னு பேரு, கூன் விழுந்த முதுகுக்கு நான் முதல்ல குடுக்கறது இதுதான், முட்டி வலிச்சா பாதத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. அப்புறம் கெண்டைக்கால் ரெண்டையும் ஒரு நாற்காலி மேல தூக்கிப் போட்டுட்டு 5 நிமிஷம் சும்மா படுங்க. கடைசியில அதே நாற்காலியில நிமிர்ந்து உக்காந்து, 4 எண்ணிக்கைக்கு இழுத்து 6 எண்ணிக்கைக்கு விடுங்க, 12 தடவை. மொத்தமே 20 நிமிஷத்துக்குள்ளதான். தறியில எறங்கறதுக்கு முன்னாடி வேண்டாம், ஏறி வந்தப்புறம் சாயங்காலம் பண்ணுங்க, அப்பதான் உடம்புக்கு அது தேவை.

நாற்காலியில உக்காந்தா அது யோகாவான்னு கேட்டிங்க. அந்த 12 மூச்சுல உங்க கவனம் மூச்சுலயே இருந்துச்சுன்னா யோகாதான். பத்மாசனத்துல உக்காந்துக்கிட்டு எப்படா பெல் அடிப்பாங்கன்னு முட்டியவே நினைச்சுக்கிட்டு இருந்தா அது வேற.

கேள்வி: ஏற்காட்டுல எஸ்டேட் ரைட்டர் வேலை. ஆஸ்துமா இருக்கு, இன்ஹேலர் எடுக்கறேன். யூடியூப்ல ஒருத்தர் பிரம்ம முகூர்த்தத்துல எந்திரிச்சு திறந்த வெளியில கபாலபாதி 300 தடவை பண்ணா ஆஸ்துமாவே போயிடும்ங்கறார். 2 வாரமா பண்றேன், இழுப்பு ஜாஸ்தி ஆன மாதிரி இருக்கு. நான் சரியாப் பண்ணலையா? – வாசகர், நாகலூர்

நீங்க சரியாத்தான் பண்றீங்க தம்பி, அதான் பிரச்சனையே!

அந்த வீடியோ எடுத்தவர் எந்த ஊர்ல உக்காந்து பேசறாரோ தெரியாது. நீங்க இருக்கறது சுமார் 1,500 மீட்டர் உயரத்துல. அடிவாரத்துல இருந்து 20 ஹேர்பின் பெண்டு ஏறி வர்றதுக்குள்ள கீழ கழட்டின ஸ்வெட்டரை மறுபடி போடறோம், மார்கழியில காலங்காத்தால 4 மணிக்கு சில்வர் ஓக் மரம் பக்கத்துல இருக்கறதே பனியில தெரியாது. குளிர்காத்து நேரா நுரையீரலுக்குப் போனா மூச்சுக்குழாய் சுருங்கும், ஆஸ்துமாக்காரங்களுக்கு அது தெரிஞ்ச விஷயம்தான். அதுல 300 தடவை வேக வேகமா மூச்சைத் தள்ளினா குழாய்க்கு இன்னும் எரிச்சல். ஆக மலை மேல இருக்கற உங்களுக்கு பிரம்ம முகூர்த்தம் காலையில 10 மணின்னு வச்சுக்கங்க, வெயில் வந்தப்புறம், வீட்டுக்குள்ள, ஜன்னல் பக்கம். செக்ரோல், அதான் ஆள் வருகைப் பதிவு, எழுதற வேலை காலையிலன்னா சாயங்காலம் 4 மணி.

கபாலபாதிய நிறுத்திடுங்க. ஆஸ்துமாவுல மூச்சை உள்ள இழுக்கறதைவிட வெளிய விடறதுதான் சிரமம், பழைய காத்து உள்ளயே தங்கிடும். அதனால விடற மூச்சை நீட்டறதுதான் உங்க பயிற்சி. உக்காந்து, மூக்கு வழியா சாதாரணமா இழுத்து, ‘ம்ம்ம்’னு வாய மூடி மெதுவா சத்தத்தோட விடுங்க. சத்தம் நடுங்காம எத்தனை எண்ணிக்கை போகுதோ அதுதான் இன்னிக்கு உங்க அளவு. நேத்து 8, இன்னிக்கு 5ன்னா இன்னிக்கு 5தான், 8ஐத் தொடணும்னு முக்காதீங்க. மூச்சை உள்ள நிறுத்தி வைக்கற கும்பகம் வேண்டவே வேண்டாம். இழுப்பு இருக்கற நாள்ல இதுகூட வேண்டாம், இன்ஹேலர்தான். அதைக் கையெட்டற தூரத்துல வச்சுக்கிட்டே பயிற்சி பண்ணுங்க, டோஸைக் குறைக்கறதை டாக்டர் சொல்லட்டும், யூடியூப்காரர் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது.

கேள்வி: நீட் பரீட்சைக்குப் படிக்கற பையன், சிரசாசனம் பண்ணா ஞாபக சக்தி கூடுமா டீச்சர்? – மாணவரோட அம்மா, அஸ்தம்பட்டி

ராத்திரி 7 மணி நேரம் தூங்கச் சொல்லுங்க. அதுக்கு எந்த ஆசனமும் ஈடில்ல.

கேள்வி: செவ்வாப்பேட்டையில வெள்ளிக்கொலுசு பட்டறை வச்சிருக்கேன், பத்த வைக்கற, அதாவது சால்டரிங் வேலை. 22 வருஷமா தினம் 5 நிமிஷம் சிரசாசனம். போன மாசம் கண்ணு செக்கப்புக்குப் போனா கண் அழுத்தம் ஜாஸ்தி, கிளாக்கோமா ஆரம்பம்னு சொட்டு மருந்து குடுத்துட்டாங்க. சிரசாசனத்தை விட மனசே வரல. குறைச்சுப் பண்ணலாமா, 1 நிமிஷம்? – வாசகர், வயசு 58

இந்த லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன் அண்ணா. 22 வருஷம் விடாம பண்ண ஒண்ணை விடச் சொல்றது லேசு இல்ல. ஆனா விட்டுத்தான் ஆகணும். 1 நிமிஷம்கூட வேண்டாம். தலைகீழா நிக்கறப்ப கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறக்குறைய 2 மடங்கு ஏறுதுன்னு அளந்தே பார்த்திருக்காங்க. கிளாக்கோமாவுல கண் நரம்பு போனது போனதுதான், திரும்பாது, பெரும்பாலும் வலியும் இருக்காது, அதனால ‘எனக்கு ஒண்ணும் பண்ணலையே’ன்னு நினைச்சுக்கிட்டே இழந்துட்டு இருப்போம்.

சிரசாசனம் மட்டும் இல்ல, தலை நெஞ்சுக்குக் கீழ போற எல்லாமே, தோள்ல நின்னு காலைத் தூக்கற சர்வாங்காசனம், கையும் காலும் ஊனி இடுப்பைத் தூக்கற அதோமுக சுவானாசனம், நின்னுக்கிட்டு முழுசாக் குனியற பாதஹஸ்தாசனம், எல்லாம் தள்ளி வச்சிடுங்க. விரலால கண்ணை மூடி அமுக்கற ஷண்முகி முத்திரையும் கூடாது. இன்னொண்ணு கேக்கறேன், பட்டறையில பொடி வச்சுப் பத்த வைக்க இன்னும் வாயால ஊதுகுழல்லதான் ஊதறீங்களா, இல்ல கேஸுக்கு மாறிட்டீங்களா? கன்னம் உப்ப அடக்கி ஊதறப்பவும் கண் அழுத்தம் ஏறும், நாதஸ்வரம் வாசிக்கறவங்களையே டாக்டருங்க கேட்டுக்குவாங்க. உங்க தொழிலை கண் டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு தெரியல, அடுத்த தடவை மறக்காம சொல்லுங்க.

இப்ப அதுக்குப் பதிலா என்ன. எதுக்காக அதைப் பண்ணீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நானா ஒண்ணு யூகிக்கறேன், அந்த 5 நிமிஷம் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க, போன் எடுக்க முடியாது, விழுந்துடக் கூடாதுன்னு மனசு ஒரே புள்ளியில நிக்கும். சரியா? அதுக்கு ஒத்தக்கால்ல நில்லுங்க, விருக்ஷாசனம். செவுத்துல ஒரு கை வச்சுக்கிட்டு, எதிர்ல ஒரு புள்ளியப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு 10 மூச்சு. அதே இடம், அதே நேரம், அதே பாய். கவனம் சிதறினா காலு ஆடிடும், சிரசாசனம் மாதிரியே கண்டிப்பான வாத்தியார் அது. அப்புறம் தலைக்கு ரெண்டு தலகாணி வச்சு உயர்த்திப் படுத்து மூச்சைக் கவனிங்க.

வயசுக்குத் தகுந்த மாதிரி பயிற்சி மாறணும்னு, மைசூர் அரண்மனையில யோகா சொல்லிக்குடுத்த பெரிய குரு கிருஷ்ணமாச்சாரியாரே சொன்னவர்தான். வளர்ற வயசுக்கு ஒண்ணு, குடும்பம் தொழில்னு ஓடற வயசுக்கு ஒண்ணு, முதிர்ந்த வயசுக்கு ஒண்ணு. கடைசிக் கட்டத்துல ஆசனம் குறையும், மூச்சும் தியானமும் கூடும். நீங்க அடுத்த வகுப்புக்குப் பாஸ் ஆகியிருக்கீங்க, இதுல வருத்தப்பட என்ன இருக்குன்னு எழுதத்தான் ஆசை, ஆனா வருத்தம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் 50 தாண்டி சக்ராசனத்தை விட்டப்ப இருந்துச்சு.

கேள்வி: மகளுக்கு 5 மாசம், கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா யோகா பண்ணுவா. தொடரலாமா? – வாசகி, ஆத்தூர்

பாக்கற லேடி டாக்டர் சரின்னா தொடரலாம் அக்கா. குப்புறப் படுக்கறது, வயித்தைத் திருகறது, மூச்சு அடக்கறது, கபாலபாதி இது எதுவும் வேண்டாம். மல்லாந்து ரொம்ப நேரம் படுக்காம இடது பக்கம் ஒருக்களிச்சு ரெஸ்ட் எடுக்கட்டும். செவுத்தைப் பிடிச்சு நின்னு பண்றது, உக்காந்து பாதம் ரெண்டையும் சேர்த்து வைக்கற பத்தகோணாசனம், மெதுவான மூச்சு, இது போதும்.

கேள்வி: நானும் யோகா கிளாஸ் எடுக்கறவன், 40 பேர் வர்றாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி மாத்திக்கிட்டே போனா பரம்பரையா வந்ததுல என்னதான் மிஞ்சும்? அப்புறம் 40 பேருக்கு 40 விதமா ஒரு மணி நேரத்துல எப்படி எடுக்கறது? – ஐந்து ரோடு

ரெண்டாவது கேள்விதான் நிஜமான கேள்வி, ஆனா முதல் கேள்விக்கும் பதில் சொல்லிடறேன்.

இன்னிக்கு உலகம் பூரா யோகான்னு நடக்கறதுல பெரும்பங்கு ஒரே மனுஷன்கிட்ட இருந்து கிளம்பினது. 1930கள்ல மைசூர் மகாராஜா அரண்மனை யோகசாலையில கிருஷ்ணமாச்சாரியார் சொல்லிக்குடுத்தது பெரும்பாலும் பசங்களுக்கு, துள்ளற வயசு. குதிச்சு, தாண்டி, வரிசையா பண்ற அந்தக் கட்டான பாணிய பட்டாபி ஜோயிஸ் பிடிச்சுக்கிட்டார். பி.கே.எஸ். ஐயங்கார் சின்ன வயசுல காசநோய், மலேரியா, டைபாய்டுன்னு அடிபட்ட உடம்பு, அவர்தான் பின்னாடி கட்டை, பெல்ட்டு, கயிறு, நாற்காலி எல்லாத்தையும் யோகாவுக்குள்ள கொண்டுவந்து முடியாதவங்களும் நிக்கற மாதிரி பண்ணினார். 1950கள்ல கிருஷ்ணமாச்சாரியார் மெட்ராஸ் வந்தப்புறம் அவர்கிட்ட வந்தவங்க நோயாளிங்க, ஆபீஸ் போறவங்க, வயசானவங்க. அவங்களை ஒவ்வொருத்தரா உக்கார வச்சு நாடி பிடிச்சுப் பார்த்துத்தான் குடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார், இன்ஜினியருக்குப் படிச்சவர், 1976ல சென்னையில கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்னு ஆரம்பிச்சு அந்த வழியக் கொண்டுபோனார். ஒரே குரு, மூணு சிஷ்யர், மூணு மாதிரி. இதுல எது பரம்பரை, எது மாத்தினது? மாத்திக் குடுக்கறதே பரம்பரையாத்தான் வந்திருக்கு தம்பி.

பதஞ்சலி சூத்திரத்துல வர்ற விநியோகம்ங்கற சொல்லைத்தான் தேசிகாச்சார் இதுக்கு எடுத்துக்கிட்டார். ரேஷன் கடை ஞாபகம் வருதா? வரட்டும், தப்பில்ல. கார்டுல எத்தனை பேரு, எந்தக் கார்டுன்னு பார்த்துத்தானே அரிசி போடறாங்க, வரிசையில நிக்கறவங்க எல்லாருக்கும் ஒரே படியா?

ஆனா மாத்தறதுன்னா இஷ்டத்துக்கு இல்ல. ஆசனத்தோட வேலை என்னன்னு தெரிஞ்சவங்கதான் உருவத்தை மாத்த முடியும். காலை நீட்டி உக்காந்து முன்னாடி குனியற பச்சிமோத்தானாசனத்தோட வேலை முதுகுப் பக்கம் நீள்றது, கைவிரல் கால் கட்டைவிரலைத் தொடறது இல்ல. முட்டிய மடக்கிக்கிட்டா முதுகு நீளும், தொடறதுக்காக முட்டிய நேரா வச்சா முதுகு கூன் போடும், டிஸ்க் பிதுங்கினவருக்கு அதுவே வினையாப் போயிடும். டிஸ்க் பிரச்சனை இருக்கறவருக்கு அந்த முட்டி மடக்கினதுகூட வேண்டாம்.

இதை நான் புத்தகத்துல இருந்து கத்துக்கல. சில வருஷத்துக்கு முன்னாடி ஜூன் 21 யோகா தினம், ஒரு பள்ளிக்கூட கிரவுண்ட்ல மைக் பிடிச்சுக்கிட்டு 200 பேருக்கு நான் சொல்லிக்கிட்டு இருந்தேன். கூட்டம், கைத்தட்டல், போட்டோ, எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிடுச்சு, சர்வாங்காசனத்துல நில்லுங்க நில்லுங்கன்னு எண்ணிக்கை நீட்டிட்டேன். மூணாவது வரிசையில பச்சை புடவை கட்டின ஒரு அம்மா, 60 வயசு இருக்கும், கால இறக்கிட்டு எந்திரிக்கல, பிடரியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. கழுத்து பிடிச்சுக்கிச்சு, 3 வாரம் பட்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. "நீங்க சொன்னீங்கன்னு நின்னேன் கண்ணு"ன்னாங்க. திட்டியிருந்தாகூட தேவலாம்.

அதுக்கப்புறம் கும்பலுக்கு எடுக்கறப்ப நான் பண்றது இது. வாசல்லயே ஒரே கேள்வி: பி.பி., சுகர், கண்ணு, கழுத்து, முட்டி, முதுகு, ஆபரேஷன், மாசமா இருக்கறது, இதுல எது? அதை வச்சு 3 வரிசை. முதல் வரிசை நாற்காலி, ரெண்டாவது செவுத்தோரம், மூணாவது வெறும் பாய். ஒவ்வொரு ஆசனத்தையும் நாற்காலியில இருந்துதான் சொல்ல ஆரம்பிப்பேன், பாய்க்காரங்க கடைசி. இது முக்கியம், ஏன்னா ‘முடியாதவங்க நாற்காலியில பண்ணுங்க’ன்னு கடைசியில சொன்னா ஒருத்தரும் உக்கார மாட்டாங்க, நம்ம சனம் மானத்துக்கு அஞ்சி கழுத்தை ஒடிச்சுக்கும். அப்புறம் முகத்தைப் பாருங்க, ஆசனத்தைப் பார்க்காதீங்க. தாடை இறுகுச்சா, மூச்சு நின்னுச்சா, புருவம் சுருங்குச்சா, அந்த ஆளுக்கு அந்த அளவு ஜாஸ்தி, கிட்ட போய் காதுல சொல்லுங்க, மைக்ல சொல்லாதீங்க. 40 பேருக்கு 40 விதம் வேண்டியதில்ல, 3 விதத்துல 35 பேர் அடங்கிடுவாங்க. மிச்சம் 5 பேரை வாரத்துல ஒரு நாள் தனியா வரச்சொல்லுங்க, அந்த நாளுக்கு பீஸ் வாங்காதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமையில்ல, வாங்குங்க, ஆனா கூப்பிடுங்க.

கேள்வி: சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு எவ்வளவு நேரம் கழிச்சு யோகா பண்ணலாம்? – வாசகி, குகை

எத்தனை செட்டுங்கறதைப் பொறுத்து கண்ணு. ஒண்ணுன்னா ஒன்றரை மணி நேரம். முழுச் சாப்பாடுன்னா 3, 4 மணி நேரம். சுகருக்கு இன்சுலின் போடறவங்களா இருந்தா ரொம்ப நேரம் வெறும் வயித்தோட பண்ணாதீங்க, மயக்கம் வரும், டாக்டர்கிட்ட நேரத்தைக் கேட்டுக்கங்க. எனக்கு நேத்து 3 செட் உள்ள போயிடுச்சு, பீட்ரூட் காரச் சட்னி தூக்கலா வேற இருந்துச்சு, அதனால நாற்காலியில உக்காந்து மூச்சு மட்டும் பார்த்துட்டு எந்திரிச்சுட்டேன்.